வாடைக்குக் காத்திராத கப்பல்கள்: 1498 அக்டோபரில் அரபிக்கடலைக் கடந்த ஒரு பயணம் – நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

வாஸ்கோ ட காமா 1498-ல் கள்ளிக்கோட்டைக்கு வந்த கதையைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். வந்தவர்கள் எப்படித் திரும்பிப் போனார்கள் என்பதை அநேகமாக யாரும் படிப்பதில்லை. வரும்போது ஆப்பிரிக்காவின் மலிந்தியில் கிளம்பி, 23 நாள் கரையே காணாமல் ஓடி, மலபார் கரையைப் பார்த்தார்கள். திரும்பும்போது அதே கடல், அதே மூன்று கப்பல்கள், 89 நாள். அந்த 89 நாளில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். ஆளில்லாமல் ஒரு கப்பலைக் கொளுத்திவிட்டு மிச்ச இரண்டில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த ஆய்வு அந்த 89 நாளையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த முடிவுகளையும் பற்றியது. தலைமை வகித்தவர்களின் பெயர்கள் எல்லாரும் அறிந்தவை. இறந்த 30 பேருக்கு நாட்குறிப்பில் பெயர் இல்லை. கூடவே பயணம் செய்து அந்த நாட்குறிப்பை எழுதியவரும் தன் பெயரைப் போடவில்லை. ஆகவே இனி எல்லாரையும் செய்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன்: தளபதி, வழிகாட்டி, மாலுமிகள்.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி உள்ளவை. இன்றைய கணக்குக்கு 9 நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். காற்றைப் பற்றிப் பேசும்போது இந்த 9 நாளுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

பின்னணி

1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கலங்கள் கிளம்பின. சாவோ காப்ரியேல், சாவோ ரஃபேல், பெர்ரியோ, அப்புறம் சாமான் ஏற்றிய ஒரு கப்பல். ஆட்கள் மொத்தம் 150-க்கும் 170-க்கும் இடையில். ஆகஸ்ட் 3 அன்று கேப் வெர்ட் தீவுகளை விட்டவர்கள், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போகாமல் அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வளைவு எடுத்துத் தெற்கே இறங்கினார்கள். மறுபடி கரையைப் பார்த்தது நவம்பர் 4-ல். அதுவரை எந்த ஐரோப்பியக் கப்பலும் கரை காணாமல் அத்தனை நாள் கடலில் இருந்ததாகப் பதிவு இல்லை.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றியது நவம்பர் 22. அதற்குக் கிழக்கே ஒரு விரிகுடாவில் சாமான் கப்பலைப் பிரித்துப்போட்டுவிட்டு, மிச்ச மூன்று கப்பல்களோடு வடக்கே ஏறினார்கள். குடிதண்ணீர் குறைந்தது. கடல்நீரில் சமைக்க வேண்டி வந்தது.

1498 ஜனவரி 25 அன்று இன்றைய மொசாம்பிக்கில் கெலிமானே ஆற்று முகத்துக்குள் நுழைந்து 32 நாள் தங்கினார்கள். நோய் முதன்முதலில் பளிச்சென்று தெரிந்தது அங்கேதான். கையும் காலும் வீங்கின. ஈறு தடித்துப் பற்களின் மேலேயே வளர்ந்தது, எதையும் மெல்ல முடியவில்லை. இன்று இதற்கு ஸ்கர்வி என்று பெயர். மனித உடலால் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சாப்பாட்டில் அது வராமல் நின்றால் உடலில் இருக்கும் இருப்பு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கரைந்துவிடும். அது இல்லாமல் திசுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் கொலாஜனைச் சரியாகக் கட்ட முடியாது. ஈறு கசியும், பழைய காயம் மறுபடி திறக்கும், கடைசியில் திடீரென்று உயிர் போகும். கப்பலில் இருந்ததோ காய்ந்த ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, ஒயின். மூன்றிலும் அந்தச் சத்து கிடையாது.

வரும் வழியில் கையில் கிடைத்த இரண்டு தடயங்கள்

பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள, வரும் வழியில் நடந்த இரண்டு விஷயங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தால் போதும்.

முதலாவது மொம்பாசாவில். ஏப்ரல் 7 அன்று அங்கே நங்கூரமிட்டார்கள். ஊர் மன்னர் ஓர் ஆடும், ஆரஞ்சும், எலுமிச்சையும், கரும்பும் அனுப்பினார். அந்த ஊருக்கு வந்ததும் நோயாளிகள் எல்லாரும் குணமாகிவிட்டார்கள் என்று நாட்குறிப்பு எழுதியவர் குறித்திருக்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: இந்த இடத்தின் காற்று மிக நல்ல காற்று. ஆரஞ்சும் குணமும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கெட்ட காற்றால் நோய் வரும், நல்ல காற்றால் போகும் என்பதுதான் அன்றைய ஐரோப்பிய மருத்துவம். கண் பார்த்தது சரி. காரணத்தைத் தேடும்போது கை பழக்கமான டப்பாவுக்குள்தான் போயிற்று.

இரண்டாவது மலிந்தியில். மொம்பாசாவில் சண்டையும் சந்தேகமுமாக முடிந்த பிறகு, மலிந்தி மன்னர் நட்பாக இருந்தார். கடல் கடந்துபோக ஒரு வழிகாட்டியையும் கொடுத்தார். (இவர்தான் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் என்று ஒரு கதை நெடுங்காலம் ஓடியது. இன்று வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.) அந்தக் கடலில் தொழில் செய்தவர்களிடம், நடுவில் முடிச்சிட்ட கயிறு கோர்த்த ஒரு சிறு பலகை இருந்தது. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தினால் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். தமிழில் இதற்கு இராப்பலகை என்று பெயர் உண்டு.

ஏப்ரல் 24 அன்று கிளம்பினார்கள். இன்றைய கணக்கில் மே 3. தென்மேற்குக் காற்று எழத் தொடங்கியிருக்கும், ஆனால் முழு வேகம் பிடித்திருக்காது. முதுகில் காற்று. மே 18-ல், அதாவது இன்றைய மே 27-ல், ஏழிமலைப் பக்கம் கரை தெரிந்தது. மறுநாள் இடியும் மழையும் கொட்டியதில் எந்த இடம் என்று வழிகாட்டியாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேரளத்தில் பருவமழை இறங்கும் தேதி நமக்குத் தெரியும், ஜூன் 1. கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே நுழைந்தது போலத்தான்.

இந்த 23 நாளை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடல் இவ்வளவு அகலம், கடக்க இவ்வளவு நாள் என்று எடுத்துக்கொண்டது போலத்தான் பின்னால் நடந்தது தெரிகிறது. உண்மையில் அது கடலின் அளவு அல்ல. அந்த மாதத்தில், அந்தத் திசையில் போனால் ஆகும் அளவு. ஆங்கிலத்தில் மான்சூன் என்கிறார்களே, அந்தச் சொல்லே அரபு மொழியின் மவ்ஸிம் என்பதிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. பொருள், பருவம். நாம் பருவக்காற்று என்பதும் அதே கணக்குத்தான். அரபிக்கடலில் காற்றுக்குத் திசையும் தேதியும் சேர்ந்தே இருக்கின்றன.

கள்ளிக்கோட்டையில் மூன்று மாதம்

மே 20 முதல் ஆகஸ்ட் 29 வரை அங்கே நடந்தவை தனியாக எழுத வேண்டிய அளவுக்கு உண்டு. நமக்கு வேண்டியது சுருக்கம்தான். சாமூதிரி மன்னருக்குக் கொண்டுபோன பரிசுகளில் கோடு போட்ட துணி 12, தொப்பி 6, கை கழுவும் கிண்ணம் 6, பவளம், சர்க்கரை, எண்ணெய், தேன் எல்லாம் இருந்தன. பார்த்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் சாதாரண வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்றார்கள். சரக்கு விலை போகவில்லை. சுங்கம் கேட்டார்கள். கரையில் இருந்த போர்த்துகீசியர் சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள், பதிலுக்குத் தளபதி கப்பலுக்கு வந்த உள்ளூர் ஆட்களைப் பிடித்து வைத்தார். ஒருவழியாக ஆள் மாற்றிக்கொண்டபோதும் சிலரை விடாமல் கொண்டுபோய்விட்டார்.

ஆக, ஆகஸ்ட் 29-ல் கிளம்பும்போது நிலைமை இது: கொஞ்சம் மிளகும் வாசனைச் சரக்கும் கையில் இருந்தன, வழி தெரிந்துவிட்டது, கரையில் நம்பிப் பேச ஆள் இல்லை. எந்த மாதத்தில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்ப வேண்டும் என்று அந்தத் துறைமுகத்தில் எந்த நாகுதாவை (கப்பல்தலைவரை) கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கேட்கும்படியான உறவு மிச்சமில்லை.

மறுநாளே காற்று விழுந்துவிட்டது. கள்ளிக்கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கப்பல்கள் நின்றன. சுமார் 70 படகுகள் துரத்தி வந்தன. பீரங்கி சுட்டும், நடுவே வந்த ஒரு புயல்மழையாலும் தப்பினார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு மேல் கரையை ஒட்டி வடக்கே ஊர்ந்தார்கள். காற்று எப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

அஞ்சதீவு: கிளம்பும் முடிவு

செப்டம்பர் பிற்பகுதியில் இன்றைய கார்வாருக்கு அருகே உள்ள அஞ்சதீவில் ஒதுங்கினார்கள். கருங்கல்லில் கட்டிய குளம் ஒன்று இருந்தது, நல்ல தண்ணீர். கப்பல்களைச் சாய்த்துச் செப்பனிட்டார்கள். அக்கரையிலிருந்து மீன் விற்க வந்தார்கள். பூசணியும் வெள்ளரியும் நிறையக் கிடைத்தன. இலவங்கப்பட்டை மரம் என்று பச்சை இலையோடு கிளைகளைப் படகு நிறையக் கொண்டுவந்தார்கள். இந்தப் பன்னிரண்டு நாள் சாப்பாட்டைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு எந்தப் பச்சைப்பொருளும் வாயில் படப்போவதில்லை.

அங்கேதான் ஒருவர் வந்தார். வயது நாற்பது இருக்கும். நல்ல துணி உடை, தலைப்பாகை, இடுப்பில் வாள். வெனிஸ் நகரத்து மொழியைச் சரளமாகப் பேசினார். வந்ததும் தளபதியைக் கட்டித் தழுவினார். தான் கிறிஸ்தவன், சிறுவயதில் இந்தப் பக்கம் வந்தவன், இப்போது ஒரு பெரிய தலைவரிடம் வேலை பார்க்கிறேன் என்றார். பேச்சு அளவுக்கு மீறி இனித்தது. விசாரித்தபோது, இவர் தாக்க வந்தவர்களின் ஆள் என்று அக்கரை ஆட்கள் சொன்னார்கள். தளபதி அவரைக் கட்டிவைத்து அடிக்கச் சொன்னார். அடி தாங்காமல் அவர் சொன்னது: கரை முழுக்க உங்களுக்கு எதிரி, சுற்றியுள்ள கழிமுகங்களில் ஆயுதத்தோடு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள், நாற்பது கப்பல்கள் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை, கிளம்பினார்கள்.

இந்த முடிவை எடைபோடும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பயம் கற்பனையல்ல. தீவுக்குச் சில நாள் முன்னால்தான் பல கலங்கள் அவர்களை நோக்கி வந்தன, துரத்திப் போய் ஒன்றைப் பிடித்திருந்தார்கள். கையில் இருந்தது மூன்று கப்பல். ஒன்று போனாலும் வழி கண்டுபிடித்த செய்தி லிஸ்பனுக்குப் போகாமலே போய்விடலாம். ஆனால் முடிவுக்கு ஆதாரமாக நின்ற தகவல், அடித்து வாங்கியது. அடிபடுகிறவர் அடி நிற்பதற்கு எது வேண்டுமோ அதைச் சொல்வார். அதே மனிதர், கரையைவிட்டு 200 லீக் (பழைய கடல்தூர அளவு) தூரம் வந்த பிறகுதான் முழுக்கதையையும் தானாகவே சொன்னார் என்று நாட்குறிப்பு ஒத்துக்கொள்கிறது.

அடுத்தது, எடைத்தட்டில் எதிரி மட்டுமே இருந்தான். கடல் இல்லை. இன்றைய கணக்கில் அது அக்டோபர் 14, புரட்டாசிக் கடைசி. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வாடை என்னும் வடகிழக்குக் காற்று பிறந்திருக்காது. அந்த இடைவெளியில் மரத்தில் ஓர் இலை அசையாது என்பது நம் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடகிழக்குக் காற்று அரபிக்கடலில் நிலைபெற நவம்பர் ஆகும். டிசம்பர், ஜனவரியில்தான் அது ஆப்பிரிக்காவுக்கு நேரே தள்ளும். ஆறேழு வாரம் முந்திவிட்டார்கள்.

89 நாள்

நாட்குறிப்பு இந்தப் பகுதியில் தினம் தினம் எழுதப்படவில்லை. அதுவே ஒரு தகவல்தான். மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவாக ஆயிற்று என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். காரணம், ஒன்று காற்றே இல்லை, இல்லாவிட்டால் எதிர்க்காற்று.

உடல் கணக்கு ஒரு கடிகாரம் போல ஓடியது. அஞ்சதீவில் தின்ற காய்கறியோடு சத்தின் வரவு நின்றது. மாதம் ஒன்றைத் தாண்டியதும் ஈறு மறுபடி வீங்கியது. அந்த ரொட்டி கல் மாதிரி இருக்கும்; ஈறே பல்லை மூடிவிட்டவன் அதை எப்படிக் கடிப்பான்? ஊறவைத்து விழுங்கத் தண்ணீரும் அளந்துதான் கிடைக்கும். கால் வீங்கியது. வீக்கம் உடம்பெங்கும் ஏறி ஆள் இறந்துபோனார், வேறெந்த நோயின் அடையாளமும் இல்லாமல். இப்படி 30 பேர். முன்பே அதே அளவு ஆட்கள் போயிருந்தார்கள்.

கடைசியில் ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் தெம்புள்ளவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களும் முழு உடம்போடு இல்லை. பெரிய பாயை ஏற்றி இறக்க, கயிறு இழுக்க, சுக்கான் பிடிக்க, இரவுக் காவலுக்கு, பிணத்தைக் கடலில் இறக்க எல்லாவற்றுக்கும் அந்த ஏழெட்டுப் பேர்தான். கட்டுப்பாடு என்பதே போய்விட்டது என்று எழுதுகிறார். புனிதர்களுக்கு வேண்டுதல் வைத்தார்கள். இன்னும் பதினைந்து நாள் இப்படியே போயிருந்தால் கப்பலை ஓட்ட ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மிகைப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலையில் கப்பல் தலைவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: திரும்பிப் போக ஏற்ற காற்று கிடைத்தால், வந்த வழியே இந்தியாவுக்கே போய்விடலாம். நாற்பது கப்பல்களுக்குப் பயந்து விட்டுவந்த அதே கரைக்கு. இந்த நிகழ்வில் என்னை அதிகம் நிறுத்தியது இந்த இடம்தான். அக்டோபரில் எதிரியின் பயம் பெரிதாகத் தெரிந்தது, டிசம்பரில் அது ஒன்றுமே இல்லாமல் போயிற்று. ஆபத்து மாறவில்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறிவிட்டது.

நல்லவேளை, அந்த முடிவைச் செயல்படுத்தும் காற்று வரவில்லை. வந்தது மறுபக்கக் காற்று. டிசம்பர் கடைசியில் வடகிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஆறே நாளில் கரைக்குத் தள்ளியது. 1499 ஜனவரி 2 அன்று ஆப்பிரிக்கா தெரிந்தது. எண்பத்துச் சொச்சம் நாள் திணறியவர்களை ஆறு நாளில் கொண்டுவந்து சேர்த்தது காற்று. அது கடவுளின் கருணை என்று எழுதியிருக்கிறார். மார்கழியும் ஆயிற்று என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

மலிந்தியில் ஐந்து நாள்

கரை கண்டதும் நேரே மொகடிஷு. இறங்கவில்லை, பீரங்கி சுட்டுக்கொண்டே கடந்தார்கள். ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய ஊரைத் தாண்டிப் போவது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் கப்பலுக்கு ஏழெட்டுப் பேரோடு அறியாத துறைமுகத்தில் மாட்டிக்கொள்வதைவிட, நம்பகமான மலிந்திக்கு இன்னும் சில நாள் ஓடுவது சரியான கணிப்பு. ஜனவரி 7 அன்று மலிந்தி.

இந்த முறை ஆரஞ்சு தானாக வரவில்லை. கேட்டு வாங்கினார்கள். நோயாளிகள் அதற்கு ஏங்குகிறார்கள் என்று கரைக்கு ஆள் அனுப்பினார் தளபதி. மறுநாள் ஆரஞ்சும் வேறு பழங்களும் வந்தன. மருத்துவம் அறியாத வாய் எதைக் கேட்டது பாருங்கள். ஏக்கம் சரியான மருந்தைச் சரியாகக் காட்டிக் கொடுத்தது.

ஆனாலும் அங்கேயே பலர் இறந்தார்கள். பழத்தால் பெரிய பலன் இல்லை, இந்த ஊர்க் காற்று நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறது நாட்குறிப்பு. மொம்பாசாவில் காற்று குணப்படுத்தியது, மலிந்தியில் காற்று கொன்றது. இரண்டு ஊரும் ஒரே கரையில், அருகருகே. இன்று பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கிறது: மூன்று மாதம் முற்றிய நோயில் இதயமும் ரத்தக்குழாய்களும் கெட்டிருக்கும், கிருமியும் தொற்றியிருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு கூடை ஆரஞ்சு எல்லாரையும் மீட்காது. ஆனால் அருகில் நின்று பார்த்தவருக்கு, பழம் தின்றும் செத்தான் என்பதுதான் தெரிந்திருக்கும். முதல் தடயத்தை இந்த இரண்டாம் அனுபவம் அழித்துவிட்டது.

ஒரு கப்பலைக் கொளுத்தியது

மூன்று கப்பலை ஓட்ட ஆள் போதாது. ஜனவரி 13 அன்று, இன்றைய தான்சானியாவின் தாங்காவுக்கு அருகே, சாவோ ரஃபேலில் இருந்த சரக்கையும் ஆட்களையும் மற்ற இரண்டுக்கும் மாற்றினார்கள். அப்புறம் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். போன வருடம் வரும்போது அதே கப்பல் தரைதட்டியதால் சாவோ ரஃபேல் திட்டு என்று பெயர் வைத்த அதே இடம். கப்பலில் இருந்த தேவதூதர் ரஃபேலின் மரச்சிற்பத்தை மட்டும் காப்பாற்றினார்கள். அது இன்றும் லிஸ்பனில் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மொத்தப் பயணத்திலும் குறை சொல்ல முடியாத முடிவு என்றால் இதுதான். தாமதிக்கவில்லை, மூன்றையும் இழுத்துக்கொண்டு போய் மூன்றையும் இழக்கவில்லை. மார்ச் 20 அன்று நன்னம்பிக்கை முனையைக் கடந்தபோது, அதுவரை பிழைத்திருந்தவர்கள் திடமாக இருந்தார்கள், குளிர்க்காற்றுதான் தாங்கவில்லை என்று குறிப்பு இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையில் அங்கங்கே நின்று நின்று போனார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பெர்ரியோ 1499 ஜூலை 10-ல் போர்ச்சுகல் சேர்ந்தது. நோயுற்ற தன் அண்ணனோடு அசோரஸ் தீவுகளில் தங்கி, அவரை அங்கே அடக்கம் செய்துவிட்டு, தளபதி கோடை முடிவில் வந்தார். கிளம்பியவர்களில் திரும்பியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

அடுத்த பயணங்களில் மாறியதும் மாறாததும்

காற்றைக் கற்றுக்கொண்டார்கள், அதுவும் வேகமாக. 1500-ல் போன அடுத்த கப்பற்படை 1501 ஜனவரி நடுவில் கண்ணூரிலிருந்து கிளம்பியது. நான்கு வாரத்துக்குள் ஆப்பிரிக்கக் கரை. 89 எங்கே, இது எங்கே. சில ஆண்டுகளிலேயே இந்தியத் தடத்துக்கு ஒரு நாட்காட்டி அமைந்துவிட்டது: லிஸ்பனில் மார்ச், ஏப்ரலில் கிளம்பு, இந்தியாவில் டிசம்பர், ஜனவரியில் கிளம்பு. நூறாண்டுக்கு மேல் அந்தத் தடம் அதே தேதிகளில்தான் ஓடியது. தேதி தவறினால் ஒரு வருடம் காத்திருப்பார்கள்.

பழத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. இதை அப்படியே சொல்லிவிடுவதும் முழு நியாயம் ஆகாது. அதே 1500 பயணத்தில் மலிந்தியில் கிடைத்த ஆரஞ்சால் வாய்நோய் கண்டவர்கள் சிலர் குணமானார்கள் என்று கூடப் போனவர் ஒருவர் எழுதியிருக்கிறார். நடு அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா தீவில் போர்த்துகீசியர் பழமரம் நட்டார்கள், நோயாளிகளை இறக்கித் தேற்றினார்கள். 1601-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்தலைவர் தன் ஆட்களுக்குக் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்துத் தன் கப்பலைக் காப்பாற்றினார். கூடப் போன மற்ற கப்பல்களில் ஆட்கள் சாய்ந்தார்கள். திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தார்கள், திரும்பத் திரும்ப மறந்தார்கள். 1747-ல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர் முதலில் எழுந்தார்கள். அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயப் பங்கீடாக்க 1795 ஆயிற்று.

ஏன் இந்த வித்தியாசம்? என் கணிப்பு இது. காற்றுத் தவறினால் கப்பல் போகும், மிளகு போகும், முதலீடு போகும். கணக்குப் புத்தகத்தில் ஏறும் நஷ்டம். மாலுமி செத்தால் அடுத்த பயணத்துக்கு வேறு ஆள் கிடைப்பான். அதனால்தான் நீண்ட பயணத்துக்கு ஆள் எடுக்கும்போதே சாகப்போகிறவர்களையும் சேர்த்து எடுக்கும் வழக்கம் ஐரோப்பியக் கப்பல்களில் நிலைத்தது. எலுமிச்சைச் சாறு கெட்டுப்போகும், காசு ஆகும் என்ற நடைமுறைச் சிக்கலும் உண்டுதான். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல்களைப் பீரங்கி விஷயத்தில் அவர்கள் தீர்த்திருக்கிறார்கள்.

வேறு மாதிரி செய்திருந்தால்

அஞ்சதீவில் நவம்பர் கடைசி வரை இருந்திருக்கலாமா? தீவு பாதுகாப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் கரையை ஒட்டி இன்னும் வடக்கே, கள்ளிக்கோட்டையின் கை எட்டாத துறைமுகங்கள் இருந்தன. கண்ணூர் மன்னரும் கொச்சி மன்னரும் சாமூதிரிக்கு வேண்டாதவர்கள் என்பது அடுத்த பயணத்தில்தான் போர்த்துகீசியருக்குப் பயன்பட்டது. கள்ளிக்கோட்டையில் இருந்த மூன்று மாதத்தில் அதைத் தெரிந்துகொள்ள நேரம் இருந்தது. அதைவிட எளிதான ஒன்று: கள்ளிக்கோட்டையில் பிடித்து வைத்த உள்ளூர் ஆட்களை விட்டுவிட்டு, ஒரே ஒரு நாகுதாவைக் கூலி பேசிக் கூட்டி வந்திருக்கலாம். மலிந்தியிலிருந்து வழிகாட்டியோடுதான் கிளம்பினார்கள், 23 நாளில் வந்தார்கள்.

அக்டோபரில் கிளம்பியே தீர வேண்டும் என்றாலும் அஞ்சதீவில் இருந்தே ஒரு வித்தியாசம் செய்திருக்க முடியும். வெள்ளரி கடலில் ஒரு வாரம் நிற்காது. எலுமிச்சை நிற்கும், உப்பில் போட்டால் மாதக்கணக்கில் நிற்கும், அதை ஊறுகாய் போடத் தெரியாத வீடு அந்தக் கரையில் இருந்திருக்காது. உப்பில் ஊறிய எலுமிச்சையில் சத்து கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். ஸ்கர்வியைத் தள்ளி நிறுத்த நாளுக்கு 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும்.